சுரங்கம் பதினான்கு: தொடர்ச்சிக் கொப்பி

எல்லோரும் கேட்பது அந்த இயந்திரத்தைப் பற்றித்தான்.
பழைய ஸ்டோரில் கழித்துப் போட்ட
கொழுந்து அரைக்கும் ரோலர் அது.
உச்சியில் சுழலும் நீல விளக்கு
கொட்டகலை சலூன் ஒன்றில் இரவல் வாங்கியது.
வெள்ளி மாலைக் கூட்டத்துக்கு முன் திருப்பித் தரவேண்டும்,
ஆகவே எங்கள் காலப்பயணங்கள் யாவும்
வியாழனுக்குள் நடந்து முடிந்தன.

காலம் கிழியும்போது ஒரு கீச்சொலி வருமே,
அது தலவாக்கலை பஸ் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்.
ரொமேஷ் அதைத் தலைகீழாக ஓட்டினான்.
பின்னால் போகிற பஸ்ஸைப் பின்னால் ஓட்டினால்
முன்னால்தானே போகும் என்றேன்.
பிளேன் டீ ஆறும்வரை யோசித்தான்.
இன்னும் யோசிக்கிறான்.

என் வேலை தொடர்ச்சி.
எந்தக் கையில் கோப்பை, எத்தனை பொத்தான் திறந்திருந்தது,
கூடையில் கொழுந்து எந்த உயரம்
எல்லாம் சதுரக்கோட்டுக் கொப்பியில் ஏறும்.
வட்டகொடைப் பனிக்கு மட்டும் தொடர்ச்சி கிடையாது.
நாயகன் கதவைத் திறக்கையில் மலை இருக்கும்,
வாசலைத் தாண்டுகையில் இருக்காது.
கொழும்பிலிருந்து வாடகைக்கு வந்த புகை மெஷின்
ஒருநாளும் பெட்டியைவிட்டு இறங்கவில்லை.

மேற்கணக்கு லயத்தை நூறு வருஷம் பின்னுக்குக் கொண்டுபோக
மூன்று லட்சம் கேட்டு வாங்கியிருந்தான்
கலை இயக்குனர் நிலந்த.
வந்தான். தகரத்தைத் தட்டிப் பார்த்தான்.
காம்பராவை அளந்தான், பத்துக்குப் பன்னிரண்டு.
ஒரு டிஷ்ஷைக் கழற்றினான்.
தண்ணீர்த் தாங்கியைச் சாக்கால் மூடினான்.
பிறகு வெகுநேரம் சிகரெட் பிடித்தான்.

மிச்சப் பணத்தில் இரண்டாயிரத்துத் தொண்ணூறைக் கட்டினோம்.
கண்டி ஹோட்டல் ஒன்றின் லிஃப்ட் அது.
மாடியில் யாராவது பட்டனை அழுத்திவிட்டால்
எதிர்காலம் ஆட்களோடு மேலே போய்விடும்.

ஏழாம் அங்கம், ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறு,
வரிசையில் மூன்றாவதாக நிற்கும் பெண்ணின் மணிக்கட்டில்
சிவப்பு பிளாஸ்டிக் கடிகாரம்.
பார்த்தவர் அத்தனைபேரும் பிடித்துவிட்டார்கள்.
தெரிந்தேதான் விட்டேன்.
கழற்றச் சொன்னபோது கனகேஸ்வரி சொன்னாள்:
"மூணரைக்கு மக டியூஷன் விட்டு வருவா.
நேரம் தெரியாம எந்தக் காலத்துல நிக்கிறதாம்?"

இனி, யாரும் கேட்காதது ஒன்று.

முதல்நாள் பெரட்டுக் களத்தில் அறுபது பேர்.
"வந்தா பேர் விழுமா சேர்?"
தயாரிப்பாளர் தெஹிவளைக்காரர்.
நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்,
கடைசியில் ஒவ்வொரு பேரும் திரையில் ஓடும் என்று.
ஒருவரும் கை தட்டவில்லை.
"அது இல்ல சேர். முழுப்பேரா, அரைப்பேரா?"

அவர் என்னைப் பார்த்தார்.
நானும் ஒரு காம்பராவில் பிறந்தவள்தான்.
ஒருநாள் சம்பளத்துக்கு
இங்கே பேர் என்றுதான் பேர் என்றேன்.
நிறுவை குறைந்தால் பாதிப் பேர்.
சிரித்தார். நல்ல சொல், வசனத்தில் சேர்க்கலாம் என்றார்.
முழுப்பேர் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

இரண்டரைக்கு மழை பிடித்தது.
கமராவுக்குக் குடை, ரோலருக்குப் படங்கு,
அறுபது பேரும் தேயிலைக்குள்ளேயே நின்றார்கள்.
தயாரிப்பாளர் வானத்தைப் பார்த்தார்,
பிறகு கணக்கு எழுதுகிற பையனைப் பார்த்தார்.
"இன்றைக்கு எல்லாருக்கும் அரைப்பேர்."

ரோலர் சுழலவில்லை. நீல விளக்கு எரியவில்லை.
பதின்மூன்று அங்கத்திலும்
ஒரு மனிதர் அத்தனை வேகமாகப் பின்னால் போனதை
நாங்கள் எடுத்ததே இல்லை.

கொப்பியில் அந்தப் பக்கம் நனைந்து ஊதியிருக்கிறது.
ஆனாலும் வாசிக்கலாம்:
மூன்றாவது பெண், இடது கை, சிவப்புக் கடிகாரம்,
இரண்டு முப்பத்தெட்டு.