எழுத்தின் அடியில் ஒரு வால்

குவோப்பியோவில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
மாலை வகுப்பில் பதினொரு பேர்.
முதல் மாதம் முழுக்கச் சிவப்பு மையில்தான் திருத்தினேன்:
உருபு தவறு. உருபு தவறு. மறுபடியும் உருபு.
ஃபின்னிஷில் வேற்றுமை பதினைந்து.
அதில் நான் பெருமைப்பட என்ன இருக்கிறது?
பிறந்தேன், அது அங்கே இருந்தது.

ஐந்தாம் வாரம் சேர்கோ வரவில்லை.
என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர்,
டிப்போவில் இரவெல்லாம் பேருந்து கழுவுபவர்.
கடைசியாகத் திருத்திக் கொடுத்த தாளை
மேசையிலேயே விட்டுப் போயிருந்தார்,
நாலாக மடித்து,
சிவப்பு உள்ளே இருக்கும்படி.

அன்றிரவு பிரித்துப் படித்தேன்.
படித்தேன் என்றால், முதல்முறையாக.
கடைசி இருக்கைக்கு அடியில் ஒற்றைக் கையுறை,
ஏதோ குழந்தையுடையது, இன்னும் ஈரம்.
அதை வெப்பக்குழாய்மேல் காயவைக்கிறார்.
கேட்டு யாரும் வரவில்லை.
பதினேழு பிழைகளை எண்ணியிருந்தேன்,
கையுறையைப் பார்க்கவே இல்லை.

பென்சில் எடுத்தேன்.
'கையுறையை விட்டு என்னால் நகர முடியவில்லை.
அது காய்ந்த பிறகு என்ன செய்தீர்கள் என்று
இன்னும் ஒரு வரி கிடைத்தால் மகிழ்வேன்.
மூன்றாம் வரியில் மட்டும் சற்றுத் தடுமாறினேன்:
கழுவியது நீங்களா, பேருந்தா?
நேரமிருந்தால் பார்ப்பீர்களா?'
உறையில் வைத்துத் தபாலில் சேர்த்தேன்.

தயவுசெய்து என்பதற்கு எங்களிடம் தனிச்சொல் கிடையாது.
வினையின் நடுவே ஓர் அசையைச் செருகுவோம், 'இசி',
கதவை ஒருக்களித்து வைப்பது மாதிரி.
அதை நான் இன்னும் நடத்தவில்லை.
பாடப்புத்தகத்தில் பக்கம் தொண்ணூற்றிரண்டு,
பிப்ரவரியில்தான் வரும்.

சேர்கோ வந்தார். ஒன்றும் பேசவில்லை.
தாளில் இப்போது பேருந்தைக் கழுவியது அவர்தான்.
கூடவே பன்னிரண்டு புது வரிகள்,
இருபது புதுப் பிழைகள்.
இரண்டைத் தொட்டேன், மற்றதை விட்டேன்.
விட்டது சரியா? இன்றுவரை தெரியாது.

டிசம்பரில், என் குறிப்புக்குக் கீழே
அவருடைய பென்சில்,
தாளின் மறுபக்கம் தடவினால் தெரியும் அளவு அழுத்தி:

'உங்கள் குறிப்பு எனக்குப் பிடித்தது.
என் பெயரில் மட்டும் சற்றுத் தடுமாறினேன்.
எஸ் எழுத்துக்கு அடியில் சின்ன வால் ஒன்று உண்டு.
நேரமிருந்தால் வரைவீர்களா?'

வினையின் நடுவே அந்த அசை,
சரியான இடத்தில்.

ஷேர்கோ.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், காலி வகுப்பில்.
வருகைப் பதிவேட்டில் இருபத்திரண்டு இடத்தில்
வால் வரைந்தேன்.
முதல் சில கோணல்,
ஒன்று எதிர்ப்பக்கம் வளைந்துவிட்டது.

மறுநாள் கையெழுத்துப் போட வந்தவர்
அதன்மேல் விரலை வைத்து நின்றார்.
திருத்தவில்லை.