தட்டு

நீதிமன்றம் வீட்டை இரண்டாக வெட்டியபோது
பால்கனி எனக்கு வந்தது,
கூடவே கம்பியில் தொங்கும் தட்டும்.
முன்னறை குராமுக்கு,
கூடவே ரிசீவர்.
நீதிபதி கூரையைப் பார்த்துத் தீர்ப்பெழுதவில்லை.
குத்தாயிசியில் அந்த வருடம்
எந்த வீடும் விலைபோகவில்லை.
நடுவில் அலமாரியை நிறுத்தினோம்,
முதுகு என் பக்கம்.

ஒரு வாரம் இரண்டு பேருக்கும் படமில்லை.
வானம் என்னிடம் இருந்தது.
அதைப் பிரித்துப் படிக்கும் பெட்டி அவனிடம்.

பிறகு ஸாஸா வந்தான்
துளைக்கருவியோடும்
முந்தைய இரவின் திராட்சை வாடையோடும்.
கேபிளின் தோலைப் பல்லால் உரித்தான்.
அங்கே போக ஒரு கம்பி,
அங்கிருந்து திரும்பி வர ஒரு கம்பி,
அலமாரியின் முதுகில் ஒரே துளை.
"உங்கள் டிவியை முப்பத்தாறில் வையுங்கள்."
வைத்தேன். மணல் கொட்டியது.
மணலுக்குள்ளிருந்து மெல்ல ஒரு மீன் எழுந்தது.
அந்தப் பக்கம் குராம்
தூண்டில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு வேறு சேனல் வேண்டும்."
"பெட்டி ஒன்றுதானே.
அது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்கும்.
நாலு டிவி மாட்டினாலும்
நாலிலும் அவர் பார்ப்பதுதான்.
வேண்டுமானால் இன்னொரு பெட்டி..."
விலை சொன்னான்.
பதினான்கு வருடம் அப்படித்தான் பார்த்தேன்,
இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்றேன்.
கூலியை இரண்டு பேரும் பாதிப்பாதி கொடுத்தோம்
ஒருவரையொருவர் பார்க்காமல்.

சத்தம் மட்டும் என் கையில்.
மல்யுத்தக்காரர்களை ஊமையாக்கினேன்.
அமைச்சர்களையும்.
எட்டு மணிக்கு என் தொடர், நூற்று நாற்பத்தேழில்.
அதற்கு மரக்கரண்டியால் அலமாரியில் தட்டுவேன்.
ஒரு தட்டு: மாற்று.
இரண்டு தட்டு: தாண்டிவிட்டாய், பின்னால் போ.
மூன்று தட்டுக்கு நாங்கள் அர்த்தம் வைக்கவில்லை.

பனிக்காலத்தில் தட்டு நிறையும்.
மீன் சதுரம் சதுரமாக உடையும்.
அப்போது அந்தப் பக்கமிருந்து தட்டுவான்.
தேநீரை முடித்துவிட்டுத்தான் எழுவேன்,
துடைப்பத்தால் வானத்தைத் திறந்துவிட.
அவன் தங்கை விருந்துக்கு வந்த அன்று
தேநீர் முடியவே இல்லை.

இரவு மூன்று மணிக்குப் படங்கள் ஓடும்,
எதிலும் நிற்காமல்.
தூக்கமில்லாத விரல்.
என் சுவர் நீலம், பச்சை, மறுபடி நீலம்.
அணைத்திருக்கலாம்.
அந்தப் பொத்தானும் என்னிடம்தான் இருந்தது.

பிப்ரவரியில் பத்தூமிக்குப் போனான்,
கப்பலுக்குச் சாயம் அடிக்க, மூன்று வாரம்.
தாழ்வாரத்தில் பெட்டி உரசும் சத்தம்,
பூட்டு, படிகள்.
சொல்லிக்கொள்ளவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?
எட்டு மணிக்குப் பழக்கதோஷத்தில் முப்பத்தாறை வைத்தேன்.
இருட்டை எதிர்பார்த்தேன்.

ஒரு பல்கேரியப் பெண்
குடமிளகாய்க்குள் அரிசி திணித்துக்கொண்டிருந்தாள்.

மூலையில் எண்: நூற்று எழுபத்து நான்கு.
சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாக.
விவாகரத்து மனுவில்
கதவு எண் நாற்பத்தேழை எழுபத்து நான்கென்று எழுதி
சம்மனை ரொட்டிக்காரன் வீட்டுக்கு அனுப்பிய அதே கை.

அலமாரியைத் தட்டிப் பார்த்தேன், இரண்டு தரம்.
பின்னால் போக அங்கே ஆளில்லை.

பத்தொன்பது நாள் அந்தப் பெண்ணோடு இருந்தேன்.
அவள் மொழியில் உப்புக்கு மட்டும் பெயர் தெரிந்தது.
குடமிளகாய் ஒருமுறை கருகியது,
மறுமுறை பரவாயில்லை.

அவன் மீட்டர் தாழ்வாரத்தில், கதவுக்கு மேலே.
குளியலறை விளக்கை அணைக்காததற்கு
ஒரு முழு ஈஸ்டர் என்னோடு பேசாமல் இருந்தவன்.
அந்தச் சிறிய சக்கரம்
பகலும் இரவும் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசி ஞாயிறு பனி கொட்டியது.
அந்தப் பெண்ணின் கைகள் சதுரங்களாகத் தொடங்கின.
துடைப்பத்தோடு பால்கனிக்குப் போனேன்,
தேநீரை ஆறவிட்டு,
யாரும் தட்டாமலே.