எச்சம்

கிள்ளையில் கரண்ட் போன இரவு.
செல்போன் வெளிச்சத்தில் சல்லடை,
பிச்சாவரம் மணல்திட்டில் பொறுக்கி வந்த
நரியின் எச்சம்.

கழுவக் கழுவ
நண்டுக்கொடுக்கு மூன்று, எலிமயிர்,
இலந்தைக்கொட்டை,
வலைநூல் பச்சையாய் ஒரு விரற்கடை.
அப்புறம்
ஷாம்பு பாக்கெட்டின் கிழிந்த மூலை.
விலை மட்டும் செரிக்கவில்லை:
ஒரு ரூபாய்.

படிவத்தின் கடைசிக் கட்டம் ‘பிற’.
எழுதப் போன பேனா நின்றது.
போன மாதம் தில்லைவளவனின் தோணி வரத் தாமதம்;
துறைக் குழாயில் தலை அலசினேன்.
உறையைப் பல்லால் கிழித்து
எங்கே துப்பினேன்?

‘பிளாஸ்டிக், ஒன்று’ என்றெழுதி
கையை மோந்து பார்த்தேன்.

சுரபுன்னைக்கு அப்பால் ஓர் ஊளை.
பதில் வரக் காத்திருந்தேன்.
தவளைகள்தான்.

வெகுநேரம் கழித்து,
உப்பனாற்றின் அக்கரையிலிருந்து,
மெல்லியதாக
இன்னொன்று.
தேதி போட்டேன். நேரம் போட்டேன்.
குறைந்தது இரண்டு.