கவர்ட்

ஷ்ரோப்ஷயரில் முதல் உறைபனி விழுந்த வாரம்
கெசையா பார்டோ அடுப்படி மேசையில்
பாதியாய் நறுக்கிய தாள்களில் ஒரே சொல்லை
ஏழாம் முறை எழுதுகிறாள்:
கவர்ட்.

கணவன் சைலஸ், பிரபுவின் வேட்டைக்காட்டுக் காவலன்.
அவன் வாயில் அச்சொல்லுக்குக் கடைசி எழுத்தே கிடையாது.
"கவர்ல நாப்பது ஃபெசன்ட் கிடக்கு" என்பான்,
பூட்ஸைக் கழற்றியபடி.
புதர் என்று பொருள்.
சுடுவதற்கென்றே வளர்க்கும் பறவைகள்
சுடும் நாள்வரை பத்திரமாயிருக்கும் இடம்.

கோழி உரிக்கையில் இன்னொரு பொருள் கையில் வந்தது.
நீளச் சிறகின் அடிக்குருத்தை மூடிக் கிடக்கும்
குட்டி இறகுகளுக்கும் அதே பெயர்.
ஒன்றைத் தாளில் ஒட்டினாள்.
பிறகு பிய்த்தெடுத்தாள்.
அகராதிக்காரர்கள் கேட்பது மேற்கோள்,
இறகு அல்ல.

வேர் லத்தீனில்: முற்ற மூடு.
பிரான்சில் பல்லுடைந்து, கடல் தாண்டி, இங்கே வந்தது.
உறவுக்காரச் சொற்களையும் விசாரித்துவிட்டாள்.
ஃபர்டிவ் திருடனுக்குப் பிறந்தது.
சீக்ரெட், சல்லடையில் சலித்துத் தனியே ஒதுக்கியது.
இது மட்டும் எவரிடமும் எதையும் எடுக்கவில்லை,
தலைக்கு மேல் ஒரு துணியை இழுத்துக்கொண்டது, அவ்வளவே.

(என் மொழியில் கவர்ந்தால் களவு.
கடிதம் போடும் உறையும் கவர்தான்.
ஒளி என்றால் வெளிச்சம், ஒளி என்றால் பதுங்கு.
இதெல்லாம் அவளுக்குத் தெரியாது.
தெரிந்தால் இன்னும் மூன்று தாள் நறுக்கியிருப்பாள்.)

எட்டாவது தாள்.
மாளிகையில் கழித்துப்போட்ட சட்டப் புத்தகம்,
ஓரம் எலி தின்றது.
ஃபெம் கவர்ட்: மணமானவள்.
கணவனால் மூடப்பட்டவள்.
அவள் கூலி அவனுடையது,
அவள் ஒப்பத்துக்கு அவன் ஒப்பம் வேண்டும்.

வாக்கியத்தைப் பிசகாமல் பெயர்த்தெழுதினாள்.
பக்க எண்ணைச் சரிபார்த்தாள்.
வழக்கம்போல் கீழே
'எஸ். பார்டோ' என்று போட்டாள்.
இரண்டு வருடம், நாலாயிரம் தாள்,
"அன்புள்ள ஐயா, தங்கள் கூர்மை..." என்று
லண்டனிலிருந்து பதினோரு பதில்கள்.

சைலஸுக்குப் பெயரெழுத வராது.
சம்பளப் பதிவேட்டில் அவன் ஒரு பெருக்கல் குறி.

விடிந்ததும் வேட்டைப்பையில்,
செத்த முயலுக்கு அடியில்,
உறையைப் பதமாய்ச் செருகிக்கொண்டான்.
நாலு மைல்.
உள்ளே என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை.

"லண்டன் கடிதம் உங்களுக்கு, மிஸ்டர் பார்டோ.
படித்தவரென்று சொல்லவேயில்லையே நீங்கள்!"
என்றார் அஞ்சல்காரர்.

அவன் தொப்பியைக் கொஞ்சம்
முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டான்.