கொளப்பள்ளியில் டெமோ

காலை பத்துக்கு பேனர் கட்டினேன்.
கயிறு சுனில்தாஸ் கொடுத்தது.
லாட்ஜில் பக்கத்து அறை,
யானைவேலிக்கு சோலார் பெட்டி விற்கிறவன்.
நேற்றிரவு பரோட்டாவுக்குக் காத்திருந்தபோது
அவன் கையேட்டை நானும் என்னுடையதை அவனும்
புரட்டிக்கொண்டிருந்தோம்.
அவன் கரண்ட் நொடிக்கு ஒரு துடிப்பு.
என்னுடையது நூறு.
உயிருக்கு ஆபத்தில்லை என்று
இரண்டிலும் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

சமுதாயக் கூடத்தில் பதினாலு பேர்.
எல்லோருக்கும் வலது தோள்.
கொழுந்து வெட்டக் கத்தரி வந்த பிறகு
இடது மணிக்கட்டும்.
நெஞ்சுக்குள்ள மிஷின் வச்சிருக்கீங்களா,
வலிப்பு வருமா,
மாசமா இருக்கீங்களா?
மூன்றாவது கேள்விக்கு
அறுபத்திரண்டு வயது யோகராணி சிரித்த சிரிப்பில்
கூட்டம் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது.

பசைத்துண்டை ஒட்டி, ஒன்றில் வைத்தேன்.
"எறும்பு ஊருது."
மூன்று.
"கட்டெறும்பு."
நான்கு.
கண்ணை மூடிக்கொண்டாள்.
"தகரத்துல மழ பேயுது."

முதுகுத்தண்டில் ஒரு கேட் இருக்கு, என்றேன்,
பயிற்சியில் சொன்னபடி.
வலி அது வழியாத்தான் மூளைக்குப் போவணும்.
இந்தத் துடிப்பு முந்திப் போய் கேட்டைச் சாத்திரும்.

"பதினாறாம் நம்பர் காட்டுல கம்பி போட்டிருக்கே,
அது மாதிரியா?"

அது மாதிரிதான்.

"அப்ப, மரத்த ஒடிச்சு கம்பி மேல போட்டுட்டு
உள்ள வந்துருமே."

அதன்பிறகு பேச்சு என் கையில் இல்லை.
காய்ந்த கட்டையில் கரண்ட் ஏறாது என்பதை
அந்தக் கொம்பனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது,
போன மாசம் ரேஷன் கடையில்
எத்தனை மூட்டை போனது.
நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் வாரத்தில் உடம்புக்குப் பழகிவிடும்.
நான்கில் ஆரம்பித்தவர் ஏழுக்குப் போவார்,
ஏழிலிருந்து ஒன்பதுக்கு,
அதற்கு மேல் டயலில் எண் கிடையாது.
அப்படித் திரும்பி வருகிற பெட்டிகளுக்கென்று
கோவை கிளையில் ஓர் அலமாரி இருக்கிறது.

விலை நாலாயிரத்து எண்ணூறு.
மகளிர் குழு கையெழுத்துப் போட்டால் பத்துத் தவணை.
பசைத்துண்டு தனி.
இருபது தடவைக்கு மேல் ஒட்டாது.
சம்பாத்தியமே அந்தப் பசையில்தான்.

கைமாறிக் கைமாறித் திரும்பிய கையேட்டில்
கடைசித் தாள் மட்டும் கசங்கியிருந்தது.
இந்தப் பக்கம் நாங்கள் காட்டாத தாள்.
சாய்வு நாற்காலி, தலைக்கு மேலே
எட்டு எழுதினாற்போல ஒரு காந்தம்.
பெரிய ஆஸ்பத்திரிகளுக்கானது.
விலை போட்டிருக்காது.

வாசலிலேயே குடையோடு நின்ற சிவபாக்கியம்
அதைத்தான் கேட்டாள், எதுக்கு இது?

மனசு சோர்ந்து கிடக்கிறவங்களுக்கு.

"வலிக்குமா?"

மரங்கொத்தி கொத்துற மாதிரி சத்தம் வரும்.
லேசா தட்டும். அவ்வளவுதான்.

"ஒரு தடவ வச்சா போதுமா?"

முப்பது நாள். தினமும் போகணும்.

இந்தத் தோட்டத்தில்
ஒரு நாள் கூலிக்கு ஒரு பேர் என்று கணக்கு.
"முப்பது பேரு" என்றாள்,
குடையின் மடிப்பில் விரலால் எண்ணுவதுபோல.
பிறகு பஸ் நேரம் கேட்டாள்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்று பெட்டி போனது. டார்கெட் எட்டு.
யோகராணி வாங்கவில்லை,
நாளைக்கும் வருவீங்களா என்று மட்டும் கேட்டாள்.
தேவாலா வளைவில் ஆனை நிற்கிறதென்று
ஏழரை பஸ்ஸை நிறுத்திவைத்திருந்தார்கள்.
சாம்பிள் பையை இடத்தோளுக்கு மாற்றி
லாட்ஜுக்கு நடந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சுனில்தாஸ்
நாளைக்கான பெட்டியை ஓடவிட்டுப் பார்க்கிறான்.
டக்.
டக்.
நொடிக்கு ஒன்று.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபடி
ஈடு கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.
எட்டில் இருக்கிறேன்.