இடது கை

பத்தொன்பது ஆண்டுகள்
இடது கைகளை மட்டுமே தைத்தேன்.
ஆண்களுக்கான மழைக்கோட்டு, சாம்பல் நிறம்,
நாளைக்கு இருநூற்றுப் பத்து கை.
வலது கைகளைக்
கூடத்தின் மறுகோடியில் யாரோ தைத்தார்கள்.
உடலும் காலரும் மாடியில்.
முழுக்கோட்டை நான் தெருவில்தான் பார்த்தேன்,
வூச் நகரத்து டிராமில்
கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது.
முகத்தைப் பார்க்க மாட்டேன்,
இடது தோளைத்தான் பார்ப்பேன்.
ஒருவன் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு
மூன்று நிறுத்தம் கூடவே வந்தான்.

ஆறு மணிக்குச் சங்கு ஊதும்.
ஆறே முக்காலுக்கு வீட்டில்
உருளைக்கிழங்கு ஒரு பக்கம் வேக
மறுபடி தையல்.
"இன்னும் போதலையா, கெனோவேஃபா?"
என்பான் லுத்விக்.
என்ன சொல்ல.
மீன்காரி வீட்டில் மீன் தின்பதில்லையா?

வீட்டில் தைத்தவற்றுக்கு
இரண்டு கையும் இருந்தன.
திரைச்சீலையை வெட்டி ஒரு கவுன்,
கவுனை வெட்டித் தலையணை உறை,
உறை நைந்ததும் ஒரு முயல்,
அதன் வயிற்றுக்குள் லுத்விக்கின் காலுறைகள்.
மல்வினாவின் புதுநன்மைக்கு
எந்தக் கடையிலும் வெள்ளைத் துணி இல்லாத வருடம்,
ஒரு பாட்டில் வோட்கா கொடுத்து
மருத்துவமனைப் படுக்கை விரிப்பு வாங்கினேன்.
'மூன்றாம் வார்டு' என்ற நீல முத்திரை
எத்தனை வெளுத்தும் போகவில்லை.
இடுப்பு மடிப்புக்குள் தள்ளித் தைத்தேன்.
பீடத்தருகே அவள் முழந்தாளிட்டபோது
கடவுளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆலையை மூடிய அன்று
சம்பள பாக்கிக்கு ஆளுக்கொரு பெட்டி நூல்.
வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள்
திரும்பி, "நீ எது?" என்றாள்.
"இடது."
"நான் வலது. ரெகினா."
கை குலுக்கினோம்.
ஆள்காட்டி விரலில்
எனக்குக் காய்த்த அதே இடத்தில்
அவளுக்கும் காய்த்திருந்தது.
காணாமல் போன அக்காள் கிடைத்ததுபோல்
நான் கொட்டத் தொடங்கினேன்,
வீட்டு மெஷின், முயல், மூன்றாம் வார்டு.
அவள் தன் பெட்டியைத் தூக்கி
என் பெட்டிமேல் வைத்தாள்.
"நீயே வைத்துக்கொள்.
செத்தாலும் இனி ஊசியைத் தொட மாட்டேன்.
ஒவ்வொரு கையையும் வெறுத்துத்தான் தைத்தேன்."
பனியில் இறங்கி
சிகரெட் பற்றவைத்துக்கொண்டு போனாள்.
அந்த நூல் இன்னும் தீரவில்லை.

இப்போது எழுபத்தெட்டு.
ஊசிக்குக் காது இருக்கிறது,
எனக்குத்தான் கண் இல்லை.
ஒன்பதிலிருந்து பத்தரை வரை
சமையலறை ஜன்னலில் வெயில் நிற்கும்.
அதற்குள் பன்னிரண்டு ஊசி கோத்துத்
துணித் தக்காளியில் குத்தி வைத்துவிடுவேன்.
பன்னிரண்டும் தீர்ந்தால்
என் நாள் முடிந்தது,
மணி என்ன ஆனாலும்.

போன செவ்வாய்க்கிழமை
கிலோக் கணக்கில் பழந்துணி விற்கும் கடையில்
எங்கள் கோட்டு.
சாம்பல் வெளிறி எலி நிறமாகியிருந்தது.
விரல் நேராக இடது அக்குளுக்குப் போனது.
விட்டிருந்தது,
மூன்று விரல் நுழைகிற அளவுக்கு.
வலதைப் பார்த்தேன். இழுத்தேன்.
நகத்தால் நோண்டியும் பார்த்தேன்.
நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்.
ரெகினா,
வெறுப்பும் நன்றாகத்தான் தைக்கிறது.

கடைப் பையன் தராசில் போட்டான்,
தொள்ளாயிரம் கிராம்.
"கிழிந்திருக்கிறதே, பரவாயில்லையா?"
"தெரியும். தைத்தவள் நான்தான்."
என்ன நினைத்தானோ,
விலையைப் பாதியாகக் குறைத்தான்.

மிச்சத் தையலைப் பிரிக்கையில்
தெரிந்துவிட்டது.
கடைசி நாலு விரற்கடையில்
தையல் அகலம் அகலமாக ஓடுகிறது.
சங்குக்கு முந்தைய கை இது.
மிதியில் கால் இருந்திருக்கிறது,
மனம் வீட்டில்
முயலுக்குக் காது வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இது ஏழாவது ஊசி.
கை பாதி ஏறியிருக்கிறது.
ஜன்னலில் வெயில் போய்விட்டது.
இன்னும் ஐந்து இருக்கிறது.