ஏற்கத்தக்க பிழை

பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில்
என் வேலை பிழை பார்ப்பது.
ஒரு தட்டில் ஆயிரம் திருகாணிகள்,
ஒவ்வொன்றும் எள்ளைவிடச் சின்னன்.
கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் சாமணம்.
நான்கு வரை பழுதென்றால் தட்டு பாஸ்.
ஐந்தாவதைக் கண்டால்
முழுத் தட்டும் திரும்பிப் போகும்.
பதினெட்டு வருசமாய் இதுதான் கணக்கு.

போன மாசியில்
ஏரிக்கரைப் படிகளில் பனி இறுகிக் கிடக்க
எனக்குள் யாரோ அடுப்பு மூட்டினார்கள்.
நெஞ்சிலிருந்து கழுத்துக்கு,
கழுத்திலிருந்து காதுமடலுக்கு.
கண்ணாடி பூத்துப் போனது.
சாமணத்திலிருந்து துள்ளிப் பறந்த திருகாணி
இன்றுவரை அகப்படவில்லை.
பக்கத்து மேசை லூர்டெஸ்
ஒன்றும் கேட்காமல்
தன் குட்டி விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

இரவில் யன்னலை நான் திறப்பேன்.
கிருபாகரன் எழும்பிச் சாத்துவார்.
மூன்று மணிக்குப் போர்வை ஈரம்,
நாலு மணிக்கு அந்த ஈரமே குளிர்ந்து நடுக்கம்,
ஐந்தரைக்கு பஸ்.
ஒருநாள் சம்பளச் சீட்டில்
என் பெயரையே எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"எல்லாருக்கும் வாறதுதானே" என்றார்கள்
கோயில் மண்டபத்தில் சட்டி கழுவியபடி.
பல்வலியும் எல்லாருக்கும் வருவதுதான்.

டொக்டர் எஷ்லிமன் ஒரு தாளை விரித்தார்.
ஆயிரம் புள்ளிகள்.
ஐம்பதுகளில் ஆயிரம் பெண்கள், ஐந்து வருசம்.
மருந்தே தொடாவிட்டாலும்
இருபத்துமூன்று பேருக்கு மார்பில் புற்று வரும்.
இரண்டு ஹோர்மோனும் சேர்த்து எடுத்தால்
இன்னும் நான்கு பேர்.
"ஏறக்குறைய" என்று சொல்லி
பச்சைப் பேனையால் நான்கைச் சுழித்தார்.

பாஸ், என்றது என் வாய் தானாக.
அவருக்கு விளங்கவில்லை.

தட்டைப் பார்ப்பவளுக்கு அது நான்கு.
திருகாணிக்கு எத்தனை?

தங்கச்சிக்கு நாற்பத்தாறில் வந்தது என்றேன்.
வதனி, ஸ்ருட்கார்ட்டில் இருக்கிறாள்,
அதற்கு முன் ஒரு ஹோர்மோன் குளிசையும் தொட்டவளில்லை.
டொக்டர் பேனையை மூடினார்.
"அப்படியென்றால் இந்தத் தாள் உங்களுடையதல்ல."
மரபணுவைப் பார்த்தார்கள், மார்பை நசுக்கிப் படமெடுத்தார்கள்.
ஆறு கிழமை.
ஒன்றுமில்லை என்று வந்தது கடிதம்,
'இப்போதைக்கு' என்ற சொல்லோடு.

மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாள்
சாப்பாட்டு மேசையைவிட நீளம்.
அதைப் பூதக்கண்ணாடி போட்டு வாசித்தேன்,
பழுது தேடும் அதே கண்ணால்.
எங்கும் பழுது.
எங்கும் 'அரிதாக', 'சிலவேளை', 'அறியப்படவில்லை'.
மடித்தேன். பழைய மடிப்பில் அது மடிபடவில்லை.

அன்றிரவு மூன்று பத்துக்கு
வதனிக்கு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.
"நீயும் முழிப்போ?"
"எனக்கும்தான் வேர்க்குது. நான் போடுற குளிசை
ஹோர்மோனைப் பூட்டுற குளிசை.
உனக்குத் தாறதை எனக்குக் கண்ணிலையும் காட்டமாட்டினம்."
பிறகு சிரித்தாள்.
"என்னைச் சாட்டி நீ ஏன் அவியிறாய்?"

அதன்பிறகு எங்களுக்கு அந்த மூன்று மணி பழக்கமானது.
இரண்டு நாடு, இரண்டு திறந்த யன்னல்.
நாங்கள் நோயைப் பற்றிக் கதைக்கவில்லை.
மீன் விலை, அவளின் மேல்மாடிக்காரன்,
யாருக்கு முதலில் நரைத்தது என்ற வழக்கு.

சித்திரையில் ஒட்டினேன்.
தொப்புளுக்குக் கீழே, வலப்பக்கம்,
கண்ணாடித்தாள்போல ஒரு துண்டு.
திங்களும் வியாழனும் மாற்றவேண்டும்.
இரவில் அதோடு ஒரு குளிசை.
ஒரு வருசம், பிறகு பார்ப்போம் என்றார் டொக்டர்.
முதல் நாள் முழுக்க
கை அங்கேயே போய்ப்போய் வந்தது.

நேற்று விடியும்வரை நித்திரை கொண்டேன்.
போர்வை காய்ந்திருந்தது.
யன்னல் சாத்தியபடி.
தொலைபேசியில்
மூன்று பத்துக்கு வதனியின் அழைப்பு,
மூன்று இருபதுக்கு இன்னொன்று.